ரிவேஸ் அப்போதிக்கரி

மட்டக்களப்பில் முன்னுக்கு வந்த மனிதர்கள் எத்தனையோ பேர். பின்னுக்கே போய்ப் புகழ்பெற்றவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் அப்போதிக்கரி.

களுவாஞ்சிக்குடிக்குச் சற்றுத் தள்ளியிருந்த சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. டொக்டர்மார் வர விரும்பாத அந்தப் போர்க்காலத்தில் அங்கே உதவி மருத்துவராக இருந்து எல்லாருக்கும் வைத்தியம் பார்த்தவர் அவர். மருந்து கட்டிக் கொடுத்தவன் நான். நேரே கண்டால் சனம் அவரை டொக்டர் என்று கூப்பிடும். அவர் போனபிறகு ‘ரிவேஸ்’ என்று சொல்லிச் சிரிக்கும்.

எல்லாம் அவருடைய காரால் வந்த பெயர். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது விற்றுச்சென்ற வெள்ளைநிற இங்கிலாந்துக் கார் அது. தானாகக் கியர் மாறுகிற வகை. இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப்போன அவரால் கிளச் மிதிக்க முடியாது. ஆகவே அவர் ஓட்டக்கூடிய கார் எங்கள் பக்கத்திலேயே அது ஒன்றுதான்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி. காலையில் சமர்த்தாகப் புறப்படும். கொஞ்சத்தூரம் ஓடிச் சூடேறியதும் எஞ்சின் மட்டும் உறுமும், கார் அசையாது. ஆனால் ரிவேஸ் போட்டால் பின்னுக்கு எந்த நேரமும் ஓடும். அப்போதிக்கரி யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. முன்னால் போய், பின்னால் வீடு திரும்பப் பழகிக்கொண்டார்.

காருக்கு வைத்தியம் பார்க்காமலும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, அளவுக் கம்பியை உருவி, சிவப்பு எண்ணெயைக் காயம் கட்டும் கோஸ் துணியில் சொட்டவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்; பிறகு மணந்து பார்ப்பார். கருகல் மணம் இல்லை என்பார். கியர் நெம்புகோலின் கம்பியை இறுக்குவார், வடிகட்டியைக் கழுவுவார். நோயாளிகள் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க, காருக்குக் கீழே படுத்து ஸ்டெதஸ்கோப்பைக் கியர்ப்பெட்டியில் வைத்துக் கேட்பதும் உண்டு. மறுகா அதே ஸ்டெதஸ்கோப்பை ஒரு கிழவரின் நெஞ்சில் வைக்க, அவர் சட்டையில் எண்ணெய் வட்டம் விழுந்த கதை எங்கள் ஊரில் பிரசித்தம்.

காத்தான்குடியில் அசனார் காக்கா என்றொரு மெக்கானிக் இருந்தார். கியர்ப்பெட்டிக்குள் காரை முன்னுக்கு ஓட்டுகிற கிளச்சின் ரப்பர் வளையம் காய்ந்து இறுகிவிட்டது. எண்ணெய் சூடாகித் தண்ணியானதும் அதற்குள்ளால் ஒழுகிவிடுகிறது என்று இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

“திறக்கிறது லேசி டொக்டர். மூடுறதுக்குத்தான் சாமான் வேணும்,” என்றார் காக்கா.

“அப்ப திறக்க வேணாம். நூல் இல்லாம வயித்தைக் கிழிக்க ஏலாது,” என்றார் அப்போதிக்கரி.

வாவிக்கு அக்கரையில் பழுகாமத்துக்கு வாரத்தில் ஒருநாள் வைத்தியம் பார்க்கப் போவோம். முதல்முறை திரும்பும் வழியில் பட்டிருப்புப் பாலத்துச் சோதனைச்சாவடியை நோக்கிக் கார் பின்பக்கமாக வருவதைப் பார்த்து இராணுவத்தினர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். இறக்கி, வெயிலில் நிறுத்தி, காரைக் குடைந்து பார்த்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி தானே ஏறி ஓட்டிப் பார்த்து, அது முன்னுக்குப் போகாததால் வேர்த்து இறங்கினார். அதற்குப் பிறகு எங்களைத் தூரத்தில் கண்டாலே தடையைத் தூக்கிவிடுவார்கள்.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிறு காலை, கரையோரக் குடிசையொன்றில் சுகந்தி என்ற பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. நானும் அப்போதிக்கரியும் போயிருந்தோம். கடல் உள்வாங்குகிறது என்று யாரோ சொல்ல, அவள் புருஷன் தோணியை இழுக்க ஓடினான். மறுகா கேட்டது மனிதச் சத்தம் இல்லை.

சுகந்தியையும் அவள் மாமியையும் அயலட்டைப் பிள்ளைகளையும் காருக்குள் அடைத்தோம். கார் கடலைப் பார்த்தபடி நின்றது. கிறுக்கித் திருப்ப இடமில்லை, நேரமுமில்லை. அப்போதிக்கரி ரிவேஸைப் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்து ஓட்டினார். அவருக்கு வீதி தெரிந்தது. எங்களுக்குக் கடல் தெரிந்தது. கூரைகளையும் தோணிகளையும் சுமந்துகொண்டு கறுப்பாக அது எங்களைத் துரத்தி வந்தது.

“ஒருத்தரும் அங்கால பாக்காதீங்க,” என்றார். “என்னைப் பாருங்க.”

பெரிய வீதியை அடைந்தபோது தண்ணீர் எஞ்சின் மூடியளவு ஏறிக் காரைத் தூக்கி ஒரு மதிலோடு சாத்தியது. எஞ்சின் நின்றது. நாங்கள் தப்பினோம். அவர் உடனே இறங்கி, அந்தக் காலோடு கரைப்பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். நாலு பேர் சேர்ந்துதான் பிடித்து வைத்தோம். சுகந்திக்குப் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்பிள்ளை பிறந்தது. புருஷன் வரவேயில்லை.

பிறகு அவர் பகிடி விடுவது குறைந்துபோனது. கியர்ப்பெட்டியின் அடித்திருகைக் கழற்றி வடித்தால், உப்புத்தண்ணீர் கலந்த எண்ணெய் ரோசாப்பூ நிறப் பாலாக ஊற்றியது. திரும்பத் திரும்பக் கழுவினார். விற்றுவிடுங்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

“முன்னுக்குப் போற காரா இருந்திருந்தா கெதியா ஓடியிருப்பன் தம்பி,” என்றார். “ஆக்களை இறக்கிப்போட்டு இன்னொருக்காப் போயிருக்கலாம்.”

நான் வடித்த எண்ணெயை வாளியோடு தூக்கிக்கொண்டுபோய் வெளியே ஊற்றினேன்.

போர் முடிந்து பாதைகள் திறந்தபிறகு, அசனார் காக்காவின் மருமகன் கட்டாரில் எங்கோ தேடி அந்த ரப்பர் வளையங்களை வாங்கி வந்தான். வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, அப்போதிக்கரியும் காக்காவும் பெட்டியைத் திறந்தார்கள். பழைய வளையம் காய்ந்த மிளகாய்போல விரலிலேயே ஒடிந்தது.

கார் ஓடியது. சூடேறியும் ஓடியது. அவர் முதலில் போனது சுகந்தியின் புது வீட்டுக்கு. தாயையும் மகளையும் ஏற்றிப் பட்டிருப்புப் பாலம்வரை போனோம். கார் எங்கும் நிற்கவில்லை. மனிதர் ஏன் முதலில் தன்னைத் தேடி வந்தார் என்பது சுகந்திக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“டொக்டர் ஐயா,” என்றாள் மெதுவாக, “நீங்க அண்டைக்கு வந்தபடியாத்தான் நானும் இந்தப் பிள்ளையும் இருக்கம். மத்ததை நினைச்சிக் கவலப்படாதீங்க. நான் உங்களை ஒருநாளும் குறையா நினைச்சதில்ல.”

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஓம் மகள், என்று மட்டும் சொன்னார்.

அவர் காலமாகி வருடங்களாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் இப்போது நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், எண்ணெய் மணக்கும் அந்தக் கை ஒருதரம் நெற்றியில் வந்து படாதா என்றிருக்கிறது.