ஆமை வேகத்தில் இடித்த சுவர்

கிரேன் ஓட்டுவதில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பதினைந்து வருடமாக இரும்பும் கல்லும் தூக்குகிறேன், எதையும் கீழே போட்டதில்லை. ஆனால் ஒரு சுவரை இடித்திருக்கிறேன். அதுவும் எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருடைய சுவரை.

கீழ்பென்னாத்தூரில் ஏகாம்பரம் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தார். அவர் மகள் கல்பனாவுக்கு என் ஜாதகம் போயிருந்தது. பொருத்தம் எல்லாம் சரி, வேலைதான் இடித்தது. "கிரேன் டிரைவரா?" என்று இழுத்தாராம். அந்தச் சமயம் பார்த்து மில்லுக்குப் புது மெஷின் வந்தது. லாரியிலிருந்து இறக்க எங்கள் முதலாளிக்குத்தான் போன் செய்தார். மழையில், லாரி வரும் சிமெண்ட் பாதை தவிர மில் முற்றம் முழுக்கச் சேறாகிக் கிடந்ததால் டயர் வண்டி போகாது, டயருக்குப் பதில் இரும்புப் பட்டையில் ஊர்ந்து போகும் செயின் வண்டிதான் வேண்டும். நான் அதில் பழகி இரண்டே மாதம். முதலாளி வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. (வருங்கால மாமனார் முன்னால் வித்தை காட்டும் வாய்ப்பை எவன் விடுவான்?)

கேட்டை ஒட்டிய ஆபீஸ் அறை வாசலில் கல்பனா, போனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேபினில் இருந்தபடியே ஏகாம்பரத்துக்குப் பாடம் எடுத்தேன்.

"சார், இந்த சுவிட்சுல ஆமை படமும் முயல் படமும் இருக்குது பாருங்க. முயல்னா ஸ்பீடு. ஆமைல வெச்சா வண்டி நகர்றதே தெரியாது."

"வேலைய பாருப்பா."

பார்த்தேன். மெஷினைத் தூக்கி மேடையில் பூப்போல வைத்தேன். ஏகாம்பரம் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். கொக்கியைக் கழற்றியதும் கேபினை அரை வட்டம் சுற்றி கேட் பக்கம் திருப்பினேன். (கல்பனாவின் முகத்தைப் பார்க்கத்தான்.)

லாரி வெளியே போக வழிவிட வேண்டும். எனக்கு எதிரே பத்தடியில் ஆபீஸ் சுவர். சுவிட்சை ஆமையில் வைத்து, பின்னால் போக இரண்டு லீவரையும் என் பக்கம் இழுத்தேன். வண்டி முன்னால் போனது.

மேலே கேபின் திரும்பிவிட்டது, கீழே செயின் திரும்பவில்லை. அப்படி இருந்தால் லீவர் தலைகீழாக வேலை செய்யும். முதல் வாரப் பாடம் இது. எனக்கோ அந்த நேரத்தில் என் பெயரே மறந்துபோயிருந்தது. முன்னால் போகிறதா, இன்னும் பலமாக இழு!

முயலில் இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆமையில் எல்லோருக்கும் நேரம் இருந்தது. ஆபீஸுக்குள் இருந்த மேனேஜர் டேபிள் ஃபேனோடு வெளியே வந்தார். திரும்பப் போய் சாமி படத்தைக் கழற்றி வந்தார். மூன்றாவது தடவை செருப்புக்காகப் போனார்.

"பின்னாடி எடுய்யா!" ஏகாம்பரம் கத்தினார்.

"பின்னாடிதான் சார் எடுக்கறேன்!" என்று நானும் கத்திக்கொண்டே முன்னால் போனேன்.

வியர்வை கண்ணை மறைத்தது. இரண்டு கையாலும் துடைத்தேன். வண்டி நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி முன்னால் நகர்ந்தது. இதைக் கவனித்த ஒரே ஆள் கல்பனா.

"கைய எடுங்க!"

"இன்னாது?"

"ரெண்டு கையையும் எடுங்கன்னு சொல்றேன்!"

அது என் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் செயின் சுவரைத் தொட்டது. சுவர் சற்று யோசித்துவிட்டு உள்பக்கமாகச் சாய்ந்தது. அப்போதுதான் கையை எடுத்தேன். லீவர்கள் தாமாக நடுவுக்கு வந்தன. வண்டி சாதுவாக நின்றது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு நின்று நானே கல் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வாரம் ஏகாம்பரம் பூச்சைத் தடவிப் பார்த்தார். "ஓடிப்போவாம வந்தீங்களே, அது போதும்" என்றார். 'ங்க' சேர்ந்ததைக் கவனித்தேன். டீ கொண்டுவந்த கல்பனாவும் கவனித்தாள்.

இன்று புது ஆபரேட்டர்களுக்கு நான்தான் பழக்கிவிடுகிறேன். வெளியே எனக்கு அவ்வளவு மரியாதை. வீட்டில் வேறு கதை. போன மாதம் புது பீரோவை அறைக்குள் நுழைக்கும்போது கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. தள்ளினேன். இன்னும் பலமாகத் தள்ளினேன். கல்பனா வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஏழு வயது மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, கைய எடுங்க!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி டம்ளரோடு எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.