லூஸ் மரீனாவுக்கு ஒரு தொட்டி

லிபார்தோவின் குடும்ப நிம்மதி அன்றைய நிலவரப்படி ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பெசோ. மூடி தனி.

"மூடி இல்லாம ஒரு மீன் தொட்டியா?" என்றான் லிபார்தோ.

"உங்ககிட்ட ஜிப்பு வாங்கினா பேன்ட்டும் சேர்த்துத் தர்றீங்களா?" என்று கேட்டார் மீன் தொட்டிக் கடைக்காரர் நஜீப்.

பட்டன், ஜிப், லேஸ், எலாஸ்டிக் வியாபாரம் லிபார்தோவுடையது. பர்ரான்கீயா நகரக் கடைவீதியில் அவனிடம் பேரம் பேசி ஜெயித்த தையற்காரர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம், இடமும் மீதியிருக்கும். ஆனால் இன்றைக்கு அவன் வாங்க வந்தவன். அதுவும் சாயங்காலத்துக்குள் வாங்கியே தீர வேண்டியவன். அந்த வாடை நஜீப்புக்கு அவன் படியேறும்போதே அடித்துவிட்டது.

விவகாரம் காலைச் சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது. அவன் மனைவி நோயெமி முட்டை வைத்துப் பொரித்த சோள ரொட்டியான அரேபாவைத் தட்டில் வைத்தாள். காபியை ஊற்றினாள். பிறகு, சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"ராத்திரி தூக்கத்துல பேசினே."

"நானா? என்ன பேசினேன்?"

"லூஸ் மரீனா."

அரேபா பாதி வழியில் நின்றது.

லூஸ் என்றால் வெளிச்சம். மரீனா என்றால் கடலுக்குரியது. இரண்டையும் சேர்த்தால் கடல் விளக்கு என்று அகராதி சொல்லும். பர்ரான்கீயாவில் இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். லிபார்தோவுக்கே மூன்று லூஸ் மரீனாக்களைத் தெரியும்: நோட்டரி ஆபீஸில் முத்திரை குத்துகிறவள், கசாப்புக் கடைக்காரரின் மனைவி, பள்ளியில் கூடப் படித்து இப்போது பல் டாக்டராக இருக்கிறவள். மூவர் விஷயத்திலும் அவன் உத்தமன். அதுதான் சிக்கல். ஒருத்தியோடாவது தப்புப் பண்ணியிருந்தால் யாரை மறுப்பது என்று தெரிந்திருக்கும்.

"யாரு அவ?" என்றாள் நோயெமி.

"யாருமில்ல."

"யாருமில்லாதவளை எட்டு தடவை கூப்பிட்டியே. பொண்ணு இல்லேன்னா பின்ன என்னதான் அது? மீன் தொட்டிக்கு மாட்டற லைட்டா?"

லிபார்தோ அந்த வாக்கியத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அதேதான்! லைட்டுதான்! கடல் மீன் தொட்டி வாங்கி உன்னை அசத்தலாம்னு இருந்தேன். ரகசியமா வெச்சிருந்தேன். எந்நேரமும் அதே நெனப்பா, வாயில வந்துடுச்சு."

மேஜையின் மறுமுனையில் விசிறிக்கொண்டிருந்த மாமியார் உபால்தினா கையை நிறுத்தினார்.

"நெசமாவா மாப்ள?"

"நெசமா அத்தை."

"சாயங்காலம் அந்த லைட்டு இந்த வீட்ல எரியணும்," என்றாள் நோயெமி. "எரியலேன்னா உன் பெட்டி வாசல்ல இருக்கும்."

ஆகவே தொட்டி, உப்பு, கல், தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டார், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோமாளி மீன், உள்ளங்கை அளவுக்கு ஒரு வளர்ப்புப் பவளம். கடைசியில் விளக்கு. அதற்குள் பர்ஸின் வயிறு ஒட்டியிருந்ததால் லிபார்தோ இருப்பதிலேயே மலிவான குழல் விளக்கைக் காட்டினான்.

"இது ஆகுமா?"

"ஸ்விட்ச் போட்டா எரியும்," என்றார் நஜீப். அவர் பொய் சொல்கிற வியாபாரி இல்லை.

எரிந்தது. வீட்டுக் கூடத்தில் மஞ்சளாக, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி எரிந்தது. நோயெமி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் பவளம் துவைக்காத காலுறை போலச் சுருண்டது. கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி.

"இது லூஸ் மரீனா இல்ல," என்றாள் அவள். "இது செடி வளர்க்கற லைட்டு. பவளத்துக்கு நீல வெளிச்சம் வேணும். ஆழத்துல அதுதான் இறங்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன். நான் கேக்கறது ஒண்ணுதான். லைட்டு மேல அவ்வளவு ஆசையா தூக்கத்துல கூப்பிட்டவனுக்கு எந்த லைட்டுன்னு தெரியாதா? அப்போ நீ கூப்பிட்டது வேற யாரையோ."

பெட்டி பீரோ மேலிருந்து கட்டிலுக்கு இறங்கியது.

நீலம்தானே? லிபார்தோ மறுபடி நஜீப்பிடம் போய் அறுபட விரும்பவில்லை. சந்தையில் பஸ்களுக்கு அலங்கார விளக்கு மாட்டுகிறவனைப் பிடித்து, மீட்டர் கணக்கில் நீல விளக்கு நாடா வாங்கி, தொட்டியைச் சுற்றி ஒட்டினான். பொழுது சாய்ந்ததும் போட்டான். தொட்டி நீலம். சுவர் நீலம். மாமியார் நீலம். ஜன்னல் வழியாக வழிந்த நீலத்தில் தெருவில் பாதி நீலம்.

வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேஜையைத் தூக்கிக்கொண்டு அருகே வந்தார்கள்.

"எப்ப தொறந்தீங்க லிபார்தோ? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னத்தைத் தொறந்தேன்? இது மீனுக்கு!"

"மீனும் இருக்கா? வறுத்துக் கொண்டாங்க. முதல்ல ரெண்டு பீரு, சில்லுன்னு."

"இது பார் இல்லய்யா, வீடு!"

"வீட்டோட சேர்ந்த பாரா? அதுவும் நல்லதுதான், வாடகை மிச்சம்."

இதற்குள் உபால்தினா ஃபிரிட்ஜில் இருந்த நாலு பீரையும் விற்று, காசை ரவிக்கைக்குள் வைத்துவிட்டார். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கப்பல் சமையற்காரர் தலைமுடியை வாரிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"லூஸ் மரீனான்னு யாரோ புதுசா வந்திருக்காங்களாமே? அவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

பெட்டி கட்டிலிலிருந்து கூடத்துக்கு வந்தது.

மூன்றாவது விளக்கு, மூடிப்போன ஒரு ஹோட்டலின் வரவேற்பறைத் தொட்டியில் எரிந்த பழைய சரக்கு. வெள்ளையும் நீலமும் கலந்த வெளிச்சம், பாதி விலை. விற்றவன் எடையைச் சொன்னான், சூட்டைச் சொல்லவில்லை. ஒரு பகல் எரிந்ததும் தொட்டித் தண்ணீர் சூப்பு பதத்துக்கு வந்தது. கோமாளி மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. லிபார்தோ மின்விசிறியை மீன் பக்கம் திருப்பினான். விசிறி மாமியாருடையது.

"மீனுக்கு வேர்க்குதாம், காத்து விடறான்," என்று அவர் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அறிவித்தார். "எனக்கு வேர்த்தா நான் பொம்பளை, அது இயற்கை."

அவருக்கு ஐஸ் வாங்கி வந்தான். அதையும் பாட்டிலில் போட்டுத் தொட்டிக்குள் இறக்கவேண்டி வந்தது. பவளம் இன்னும் கொஞ்சம் உள்ளே சுருங்கிற்று.

நோயெமி கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால் அவனுக்குப் பயம் குறைந்திருக்கும்.

"இது செத்துப்போச்சுன்னா நான் உன்னை நம்பினதும் செத்துப்போச்சு. பெட்டியை வாசல்ல வெச்சுட்டேன். ஒரே ஒரு தடவை, என்னைக் கூட்டிக்கிட்டு அந்தக் கடைக்குப் போ. லூஸ் மரீனான்னா என்னன்னு என் கண்ணால பாக்கணும்."

கடையில் நஜீப் யாருக்கோ உப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். லிபார்தோ தொண்டையைச் செருமி, மனைவியின் காதில் விழும்படி தெளிவாகக் கேட்டான்:

"எனக்கு லூஸ் மரீனா வேணும்."

நஜீப் தலையைத் தூக்காமல் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"லூஸ் மரீனா! உன்னைக் கேட்டு ஆள் வந்திருக்கு!"

திரைச்சீலை விலகியது. சிவப்பு உதட்டுச் சாயமும் வளையக் காதணிகளுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். லிபார்தோவைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அட, நீங்களா!"

நோயெமி மெதுவாகத் திரும்பினாள். "இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? நடுத்தெருவுல என் ஜிப்பு போயிடுச்சுன்னு இவர் கடைக்கு ஓடினேன். ரெண்டே நிமிஷத்துல கழட்டிப் புதுசு போட்டு விட்டாரு. தங்கமான கை!"

கடையில் இருந்த எல்லா மோட்டார்களும் குமிழி விடுகிற சத்தம் கேட்டது.

"கைப்பை ஜிப்பு!" என்று லிபார்தோ அலறினான். "கைப்பைன்னு சொல்லும்மா! புண்ணியமாப் போகும், கைப்பைன்னு சொல்லு!"

"கைப்பைதான். வேற என்ன?" என்று அவள் பையைத் தூக்கிக் காட்டினாள். ஜிப்பு புதிதாக மின்னியது.

நஜீப் உப்பை இறக்கிவைத்தார். ஒரு மனிதன் விலை கேட்காமல் வாங்குகிற தருணம் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? மேல்தட்டிலிருந்து கறுப்பாக, கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்தார்.

"லூஸ் மரீனா, அம்மா. சூடு கிடையாது. காலைல வெள்ளை மெதுவா ஏறும், சாயங்காலம் நீலம் மெதுவா இறங்கும். எவ்வளவு வெள்ளை, எவ்வளவு நீலம்னு நீங்களே திருகி வெச்சுக்கலாம். பவளம் முதல்ல கூசும். குறைச்சலா ஆரம்பிச்சு நாளாக நாளாக ஏத்துங்க."

நோயெமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் முதல் தடவையாக இளகியது.

"எவ்வளவு?" என்றான் லிபார்தோ.

நஜீப் சொன்னார். லிபார்தோ கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏதாவது கொறைச்சுக் குடுங்க, நானும் வியாபாரிதான்."

"உங்க வீட்டு வாசல்ல ஏதோ பெட்டி இருக்குன்னு தெருவே பேசுதே. அது இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கொறைக்க மாட்டேன்."

புது விளக்கு தொட்டிமேல் ஏறியது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. நோயெமி திருகியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அந்த வாரக் கடைசியில், விளக்கு நீலத்துக்கு மாறுகிற நேரத்தில், பவளம் ஒவ்வொரு விரலாக வெளியே நீட்டியது. பச்சையாக, உள்ளேயிருந்து யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி. கோமாளி மீன் வந்து உரசிப் பார்த்துவிட்டு அதற்குள்ளேயே படுத்துக்கொண்டது.

நோயெமி லிபார்தோவின் தோளில் சாய்ந்தாள்.

"உன்னைச் சந்தேகப்பட்டேனே."

"விடு. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க," என்றான் அவன் பெருந்தன்மையாக. பெட்டி பீரோ மேல் ஏறியது. லிபார்தோவே அதை ஏற்றினான், கையெட்டாத ஓரத்துக்குத் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து நோயெமி பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். லிபார்தோ கூடத்து ஊஞ்சல் வலையில் ஏறினான். படுப்பதற்கு முன் சட்டைப்பையிலிருந்து அகலமான எலாஸ்டிக் ஒன்றை எடுத்து, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான்.

உபால்தினா விசிறியபடி வந்து நின்றார்.

"பல்லு வலியா மாப்ள?"

"இல்ல அத்தை," என்றான் திறக்க முடிந்த அளவுக்கு வாயைத் திறந்து. "தூக்கத்துல வாய் உளறாம இருக்கத்தான். இந்தத் தடவை எப்படியோ தப்பிச்சேன். இன்னொரு பேரு வந்துச்சுன்னா கடையைத்தான் விக்கணும்."

அவர் அடுக்களைப் பக்கம் காது கொடுத்தார். பாட்டு நிற்கவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அதை அவுத்துப் போடு. கல்யாணம் ஆன நாள்லேருந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் படுக்கறேன். குறட்டையைத் தவிர உன் வாயிலேருந்து ஒரு சொல்லு வந்ததில்ல. மீன் தொட்டி வேணும்னு என் பொண்ணு உன்னைக் கேட்டது பதினோரு வருஷம், கெடைச்சது ஒண்ணுமில்ல. லூஸ் மரீனான்னு அவ சொன்னது ஒரே தடவை, வந்தது தொட்டி ஒண்ணு, லைட்டு நாலு. அவ கணக்கு தீந்துது. பாக்கி நிக்கறது என் ரூமுக்கு ஒரு ஏசி மட்டும்தான். அதுக்குப் பொருத்தமா, பனின்னு அர்த்தம் வர்ற மாதிரி, நியேவெஸ்னு ஒரு பேரு பாத்து வெச்சிருக்கோம்; நாளைக்குக் காலைல கேப்பா, பதிலை இப்பவே யோசிச்சு வை."