தங்கி வாழ்வோர் மூவர்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டளவில், கொழும்பைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் என்று சாய்ந்தமருது இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன்னர் வயல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்றுதான் ஊர் பிரிந்திருந்தது. அது எல்லாருக்கும் பழகிப் போன பிரிவினை. புதிய பிரிவினையைத்தான் பொறுக்க முடியவில்லை. இதில் வயலே இல்லாத அடுத்த வீட்டுக்காரரும் மேலே போய்விடலாம்.

கொழும்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எளிதில் அடையாளம் காணலாம். ஆண்கள் மஃரிபு தொழுகைக்குப் பிறகும் கறுப்புக் கண்ணாடியோடு நடந்தார்கள். வேலியில் முட்டினாலும் அதைக் கழற்றவில்லை. பெண்கள் தேத்தண்ணியைப் பீரிசுத் தட்டில் ஊற்றிக் குடிப்பதை நிறுத்தினார்கள். கடலோடு விடிந்து கடலோடு இருட்டுகிற ஊர் இது. ஆனாலும் கொழும்பின் காலிமுகத்திடற் கரையில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தவர்கள், நம்முடைய கடலை 'உள்ளூர்க் கடல்' என்று குறிப்பிடத் தொடங்கினார்கள்.

கல்முனையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பதிவுக் கிளாக்கராக இருந்த ஷரிபுதீன் இந்த இழிவை இரண்டு வருடம் தாங்கினார். மூன்றாம் வருடம் லீவுக்கு விண்ணப்பித்தார். ஆறு நாள் கேட்டதற்கு மூன்று நாள் கிடைத்தது.

அவருடைய மனைவி ஸைனம்புவுக்குக் கொழும்பின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. ஆசை, பத்து வயது மகள் றஹீமாவுக்கு இருந்தது. பின்னேரங்களில், தோணிகளுக்கும் அப்பால், வானம் கடலில் முட்டுகிற இடத்தில் எப்போதாவது ஒரு கப்பல் நகரும். விரல் நகத்தளவுதான் இருக்கும். எத்தனை நாள் கரையில் நின்று பார்த்தாலும் அது கிட்ட வந்ததில்லை.

"உம்மா, ஒரு கப்பல நான் தொட்டுப் பாக்கணும்" என்றாள் றஹீமா.

"தொடலாம் மகள்" என்று ஸைனம்பு வாக்குக் கொடுத்தாள். தாய்மார் இப்படித்தான், தங்கள் கையில் இல்லாததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மட்டக்களப்பு ரயிலிலிருந்து இறங்கி, மருதானையில் ஸைனம்புவின் சாச்சா வீட்டில் மூட்டைகளைப் போட்டுவிட்டு, ஷரிபுதீன், ஸைனம்பு, றஹீமா, ஏழு வயது பளீல் ஆகிய நால்வரும் நேரே துறைமுக வாசலுக்குப் போனார்கள். உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கப்பல் கரையோடு ஒட்டி நின்றது. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அது புறப்படும். அன்று இரவே அவர்களுக்கும் ஊருக்கு ரயில். வாசற் காவலாளி, பார்வையாளர் அனுமதிப் பிரிவில் பாஸ் எடுத்து வரும்படி சொல்லி, எதிரே இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியைக் காட்டினான்.

அனுமதிப் பிரிவில் பெரிய கிளாக்கர் கனகசிங்கம் இருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் அரைக் கதவு. கதவுக்குக் கீழே மினுக்கிய சப்பாத்துச் சோடி ஒன்று தெரிந்தது. அதுதான் துரை.

"ஊர் எது?" என்றார் கனகசிங்கம்.

"சாய்ந்தமருது."

"அப்படியா? நான் பாண்டிருப்பு. ஊராக்கள். இரிங்க, இரிங்க."

அதோடு ஊர் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கந்தோர் முகத்தை மாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஷரிபுதீன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாயால் எத்தனையோ பொய் சொல்லியிருப்பார். படிவத்தில் அவர் ஒரு பொய்கூட எழுதியதில்லை. ஆறாவது கேள்வி, குடும்பம் வசிக்கும் வீடு யாருக்கு உரியது என்பது. 'மனைவிக்கு' என்று எழுதினார்.

நம்முடைய கரையில் இது ஒரு விஷயமே இல்லை. பெண் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு அத்திவாரம் போடுவார்கள். மாப்பிள்ளை பிறகு வந்து சேருவார். ஷரிபுதீனும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு ஸைனம்புவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான். அந்தத் தெருவில் உள்ள அத்தனை ஆண்களும் அப்படி வந்து சேர்ந்தவர்கள்.

கனகசிங்கம் படிவத்தின் அடிக்குறிப்பை விரலால் தொட்டு வாசித்தார். "குடும்பத் தலைவர் என்பது, குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு உரித்துடையவர். அப்ப குடும்பத் தலைவர் இந்த அம்மா."

"அப்ப நான் ஆர்?" என்றார் ஷரிபுதீன்.

"அதைத்தான் பாக்கிறன். படிவத்தில ரெண்டு நிரல்தான் இருக்கு. ஒண்டு தலைவர். மற்றது தங்கி வாழ்வோர்."

"நான் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவன்."

"சம்பளத்தைப் பற்றி இதில கேள்வி இல்ல. வீட்டைப் பற்றித்தான் கேள்வி."

"எங்கட பக்கத்து வழக்கம் அது. நீங்களும் அந்தப் பக்கம்தானே. நீங்க ஆர்ர வீட்டுல இரிக்கீங்க?"

கனகசிங்கம் பேனையைத் துடைத்தார். "பெண்சாதிட வீட்டிலதான். ஆனா நான் படிவம் நிரப்புறவன் இல்ல. நிரப்பவைக்கிறவன்."

அவர் எழுதினார். தலைவர், ஸைனம்பு. தங்கி வாழ்வோர், வயது ஏறு வரிசையில்: பளீல், ஏழு. றஹீமா, பத்து. ஷரிபுதீன், முப்பத்தெட்டு.

ஸைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் முதல் வரியில் தனியாக நிற்பது தன்னுடைய பெயர் என்று தெரிந்தது. எந்தக் கடதாசியிலும் அவள் பெயர் இதுவரை தனியாக நின்றதில்லை. யாருடைய மகள், யாருடைய மனைவி என்று ஏதாவது ஒன்றில் சாய்ந்துகொண்டுதான் நிற்கும்.

"இதுக்கு நான் ஆட்சேபனை தெரிவிக்கிறன்" என்றார் ஷரிபுதீன்.

"தாராளமா. ஆட்சேபனையக் குடும்பத் தலைவர் ஒப்பம் வச்சுத் தரணும்."

ஷரிபுதீன் மனைவியைப் பார்த்தார். ஸைனம்பு யோசித்தாள்.

"றஹீமாட வாப்பா, நான் ஒப்பம் வச்சா நான்தான் தலைவர் எண்டு ஆகிடும். வைக்காட்டி நீங்க ஆட்சேபிக்க ஏலாது. என்ன செய்யட்டும்?"

"வீட்டுக்குப் போய்க் கதைப்பம்" என்றார் ஷரிபுதீன். அது யாருடைய வீடு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை அவர்கள் எட்டரை மணிக்கே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார்கள். ஷரிபுதீன் இரவு முழுவதும் யோசித்து, இது ஒரு கடதாசி விஷயம்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஸைனம்பு படிவத்தில் ஒப்பம் வைத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; ஒவ்வோர் எழுத்தையும் கோலம் போடுவது போல் வைத்தாள். அந்த நேரத்தில் கனகசிங்கம் புதிய ஒரு குறையைக் கண்டுபிடித்தார்.

"பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் தங்கி வாழ்ந்தால் காரணம் காட்டணும். மூண்டு காரணம் இருக்கு. நோய், சித்தசுவாதீனமின்மை, கல்வி."

ஷரிபுதீன் மூன்றையும் நிறுத்துப் பார்த்தார். "கல்வி" என்றார்.

"எத்தனையாம் வகுப்பு?"

"வாப்பாவ அஞ்சாம் வகுப்பில போடுங்க சேர்" என்றாள் றஹீமா. "நான் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கிறன்."

கனகசிங்கம் ஐந்தாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டு அரைக் கதவைத் தள்ளி உள்ளே போனார். போனபடியே திரும்பி வந்தார். "துரை யோசிக்கிறார்."

பதினொரு மணிக்கும் துரை யோசித்தார். இரண்டு மணிக்கும் யோசித்தார். மூன்று மணியளவில் பளீல் தரையில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து தாயின் காதுக்குள் சொன்னான். "உம்மா, சப்பாத்துக்குள்ள கால் இல்ல."

ஸைனம்பு அதைக் கனகசிங்கத்திடம் பணிவாக எடுத்துச் சொன்னாள்.

"ஓம், துரை நேற்றே நுவரெலியாவுக்குப் போயிட்டார்" என்றார் அவர், கொஞ்சமும் தடுமாறாமல். "ஆனா சப்பாத்துக் கடமையில இரிக்கி. அது இருக்கிற வரைக்கும் துரை இருக்கிறார் எண்டுதான் கணக்கு. நாளைக்கு வாங்க."

மிருகக்காட்சிச்சாலைக்கும் நூதனசாலைக்கும் போகலாமென்று சாச்சா சொன்னார். றஹீமா வரவில்லை என்றாள். அவளுக்குக் கப்பல் மட்டும் போதுமாம். அதனால் அவர்கள் கொழும்பில் வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றேகால் மணிக்குப் பாஸ் கிடைத்தது. துரையின் ஒப்பம் யார் வைத்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நிபந்தனை ஒன்று மட்டும் சிவப்பு மையில் இருந்தது. துறைமுகத்துக்குள் தங்கி வாழ்வோர் குடும்பத் தலைவரின் கையைப் பிடித்தபடியே நடமாட வேண்டும்.

படியிறங்கி ஓடினார்கள். வாசலில் அன்று அப்துல் ஸமட் என்ற சார்ஜன்ட் நின்றார். பாஸை மேலிருந்து கீழாகவும், பிறகு கீழிருந்து மேலாகவும் வாசித்தார்.

"எல்லாம் சரி. குடும்பத் தலைவர் பெண். பெண்கள் உள்ள போறதெண்டா கணவனின்ட எழுத்துமூலச் சம்மதம் வேணும்."

"கணவர் இஞ்ச நிக்கிறார்" என்றாள் ஸைனம்பு.

சார்ஜன்ட் பாஸில் விரலை ஓட்டினார். "இதில கணவர் ஒருத்தரும் இல்லயே. தங்கி வாழ்வோர் மூவர். ஏழு வயசு, பத்து வயசு, முப்பத்தெட்டு வயசு."

"அந்த முப்பத்தெட்டுதான் இவர்."

"இவர் அஞ்சாம் வகுப்புப் படிக்கிறவர் எண்டு போட்டிருக்கு. படிக்கிறவர் ஒப்பம் வைக்க ஏலாது."

கப்பல் ஒரு முறை ஊதியது. அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். வாசற் கம்பிகள் அதிர்ந்தன. மணி நாலாக இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

சார்ஜன்ட் கெட்டவர் அல்ல. அவரும் ஒரு வழி தேடினார். "அம்மா, சட்டம் மிச்சம் லேசு. உங்களுக்குக் கணவர் இருந்தா கடதாசி வேணும். கணவர் இல்லாட்டி கடதாசி தேவல்ல. இருக்கிறாரா, இல்லையா?"

ஸைனம்பு வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. உயிரோடு பக்கத்தில் நிற்கிற மனிதனைப் பற்றி எந்தப் பெண்ணால் அதைச் சொல்ல முடியும்? றஹீமா அழவில்லை, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு கப்பலையே பார்த்தாள். இனி ஒரு தரம் கொழும்புக்கு வரக் கிடைக்குமா என்பது அவளுக்கும் தெரியாது, அவளைப் பெற்றவளுக்கும் தெரியாது.

ஷரிபுதீன் ஓரடி முன்னே வந்தார். படிவத்தில் ஒரு பொய்யும் எழுதாத மனிதர்.

"எழுதிக்கொள்ளுங்க. இந்த அம்மாவுக்குக் கணவர் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவட வீட்டிலதானே தங்கி வாழுறன்."

சார்ஜன்ட் எழுதினார். வாசல் திறந்தது. "கையப் பிடிங்க" என்று அவர் ஞாபகப்படுத்தினார்.

ஸைனம்புவின் ஒரு கையில் பிள்ளைகள் இருவர், மறு கையில் ஷரிபுதீன். ஊரில் அவர் மனைவிக்குப் பத்து எட்டு முன்னால்தான் நடப்பார். பன்னிரண்டு வருடத்தில் அவருடைய முதுகை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பக்கத்தில் நடக்கும்போது அவர் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

றஹீமா உள்ளங்கையைக் கப்பலின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு எடுக்கவில்லை.

"சுடுது உம்மா" என்றாள். "காய்ச்சல் மாதிரி."

ஸைனம்புவும் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த இரும்பு. சார்ஜன்டின் பார்வைக்கு அவர்கள் எப்போதோ மறைந்துவிட்டார்கள். ஷரிபுதீன் கையை விடவில்லை.

ஊருக்கு வந்ததும் ஷரிபுதீன் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். கப்பலைத் தொட்ட குடும்பம் என்று தெருவில் பெயர் நிலைத்தது. எதிர்வீட்டு அப்துல் கபூர் கப்பலைத் தூரத்தில் மட்டும் பார்த்தவர் ஆகையால் கொஞ்ச நாள் வாசலுக்கே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, கொழும்பிலிருந்து ஒரு நீளக் கடிதத்தின் பிரதி, 'தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்' என்ற குறிப்போடு கல்முனைக் கந்தோருக்கு வந்தது. பதிவு சம்பந்தப்பட்டது என்பதால் அது பதிவுக் கிளாக்கரின் மேசைக்குப் போனது. சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் கணவர் இல்லை எனத் துறைமுக வாசலில் கண்டறியப்பட்டுள்ளது என்றும், இந்நிலைமை அந்த வீட்டுக்கு மட்டும் உரியதா, அல்லது தெரு முழுவதற்கும் உரியதா என்பதை விசாரித்து அறிக்கை செய்யுமாறும் அதில் கண்டிருந்தது.

ஷரிபுதீன் விசாரித்தார். வேறு யாராவதாக இருந்தால் கடிதத்தைக் கோவைக் கட்டுக்குள் புதைத்திருப்பார்கள். அவர் வீட்டுப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, துறைமுகப் படிவத்தின் அடிக்குறிப்பை ஒவ்வொரு வீட்டுக்கும் நேர்மையாகப் பொருத்திப் பார்த்தார். தெருவில் நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொன்றும் பெண்களுக்கு உரியவை. கந்தோரில் வேலை கூடிவிட்டது என்று வீட்டில் சொன்னாரே தவிர, என்ன வேலை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் பகல், ஷரிபுதீன் சாப்பிட வந்திருந்த நேரத்தில், பியோன் முகைதீன்பாவா சைக்கிளை நிறுத்தி ஸைனம்புவின் கையில் ஒரு மண்ணிறக் கடித உறையைக் கொடுத்தான். பெயர் அவளுக்குத்தான் இருந்தது. அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு வாசித்தாள்.

'அம்மணி, தங்கள் வீட்டில் கணவர் இல்லை என்பதை அரசாங்கம் மனவருத்தத்துடன் அறிகிறது. அவர் இறந்துவிட்டாரா, விலகிச் சென்றுவிட்டாரா, அல்லது ஒருபோதும் இருக்கவில்லையா என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தருக.' கீழே, அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒப்பம்.

"இத நீங்கதானே எழுதின?"

"கந்தோர் எழுதின. நான் ஒப்பம் மட்டும்தான் வச்ச" என்றார் ஷரிபுதீன், சோற்றைப் பிசைந்தபடி.

"நான் என்ன பதில் எழுதட்டும்?"

"அத நான் சொல்லப்படாது. இது இரகசியக் கோவை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆணம் இன்னும் கொஞ்சம் ஊத்து புள்ள" என்றார்.

முகைதீன்பாவாவின் சைக்கிள் மணி எதிர்வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் கேட்டுக்கொண்டே போனது. ஸைனம்பு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு சபூறா கடிதத்தை விரித்துக்கொண்டு நின்றாள். தெரு நெடுக, நிலைக்கு நிலை, ஒவ்வொரு பெண்ணும் ஒரு கடதாசியோடு நின்றாள். பகல் சாப்பாட்டு நேரம். வாசித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் அந்த மூன்று கேள்விகளையும் பார்த்தார்கள். உடனே பேனை தேடிப் போனவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் வெகுநேரம் யோசித்தார்கள்.