ஓடுகிற செய்தியில் கை வைக்காதவர்

தென்காசி வட்டாரத்தில் சாரல் காலம் வந்தால் கொசுவோடு சேர்ந்து இன்னோர் இனமும் பெருகிவிடுகிறது. உள்ளூர் இணையச் செய்தித் தளம் நடத்துகிறவர் என்று அதற்குப் பெயர். நிறுவனர், ஆசிரியர், நிருபர், விளம்பர மேலாளர் எல்லாம் அவரேதான். அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் போன் திரையை மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுப்பார். இழுத்ததும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் மாறும். கூடியிருந்தால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். குறைந்திருந்தால் உங்களால்தான் குறைந்தது போல ஒரு முறைப்பு.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் சுந்தரபாண்டியன். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் 'குறிஞ்சி மின்முரசு' நடத்துகிறார். நல்ல மனிதர் என்று சொல்ல ஆசைதான், வாய் வரவில்லை. பண்பொழி மலைக்குப் படியேறிப் போய், சந்நிதியில் இரண்டு கண்ணையும் மூடி, தீபாராதனை முடிவதற்குள் ஒரு கண்ணை மட்டும் திறந்து போனை இழுத்துப் பார்த்த பக்தர் இவர். கடையத்தில் சொந்தத் தாய்மாமன் இறந்தபோது இரங்கல் செய்தி போட்டார். துக்க வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அழுத கண்ணோடு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மாமா தங்கமான மனுசன். ஆனா ரீச்சே இல்ல அண்ணாச்சி."

அவருடைய தளத்துக்குள் நீங்கள் நுழைந்திருக்கிறீர்களா? ஒரு வரி செய்தி, ஒரு விளம்பரம், அரை வரி செய்தி, இரண்டு விளம்பரம், அதன்மேல் தானாகக் குதித்து வந்து கத்துகிற ஒரு வீடியோ, அதை மூடக் கடுகு அளவில் ஒரு பெருக்கல் குறி, அதைத் தொட்டால் நீங்கள் போய் விழுவது முட்டுவலித் தைலம் விற்கிற கடையில். இப்படி விழுந்து எழுந்து கடைசி வரிக்கு வந்தால் 'மேலும் விவரங்கள் விரைவில்' என்றிருக்கும். வெளங்குமா? ஆனால் நீங்கள் எவ்வளவு நேரம் தடவினீர்கள், எந்த ஊரிலிருந்து தடவினீர்கள், எந்த இடத்தில் வெறுத்துப்போய் வெளியேறினீர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

முன்பாவது பைக்கை எடுத்துக்கொண்டு அருவி வரை போய்ப் பார்த்துவிட்டு எழுதுவார். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. 'குற்றாலத்தில் வெள்ளம், உருக்கமாக எழுது' என்று செயற்கை நுண்ணறிவிடம் சொல்கிறார். அது ஒருமுறை 'குற்றாலக் கடற்கரையில் அலைகள் சீறின' என்று எழுதிக் கொடுத்தது. அப்படியே போட்டார். அவர் மனைவி சந்தனமாரி பதறிப்போனாள்.

"என்னங்க, குத்தாலத்துல ஏதுங்க கடலு? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்ட்டி. திட்ட வாரவனும் உள்ள வந்துதான திட்டுதான்? வந்தா வியூஸ் ஏறுது."

இந்த மனிதரை நம்பி முத்துசெல்வி விளம்பரம் கொடுத்தார்.

முத்துசெல்வி இந்த ஆண்டுதான் ஐந்தருவி சாலையில் ஒரு சின்னத் தங்கும் விடுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சீசனில் வாரக்கடைசிகள் ஓடினால்தான் விடுதி அவர் கையில் நிற்கும். ஓடாவிட்டால் சாவியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் பேச்சு. சுவருக்கு வெள்ளையடித்து, கேரளக் குடும்பங்கள் நிறைய வரும் என்று மலையாளத்திலும் பலகை எழுதி வைத்து, குறிஞ்சி மின்முரசில் விளம்பரமும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

சீசனின் நல்ல சனிக்கிழமை அது. விடியற்காலையில் அருவியில் தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை விதித்தது. 'குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளம்! குளிக்கத் தடை! நடந்தது என்ன?' என்று சுந்தரபாண்டியன் தட்டிவிட்டார். கூடவே எந்த ஆண்டிலோ எடுத்த பயங்கரமான வெள்ளப் படம். ஏறியது பாருங்கள் எண்! அவர் ஆயுளில் கண்டிராத ஏற்றம். பல் விளக்க மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இட்லிக் கடைகளில் கூட்டம் கலைவதற்குள் தண்ணீர் குறைந்து தடையை எடுத்துவிட்டார்கள். சனம் கும்மாளமாகக் குளிக்க ஆரம்பித்தது. 'தடை நீக்கம்' என்று தனியாக ஒரு செய்தியையும் சுந்தரபாண்டியன் போட்டார். அது போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நல்ல செய்தியை யார் சீண்டுகிறார்கள்? தடைச் செய்தியோ ஊர் ஊராகப் பறந்தது. முத்துசெல்வி போன் செய்தார்.

"தம்பி, தடைய எடுத்து எவ்வளவு நேரமாச்சு. அந்தச் செய்திய எடுத்துருங்க. வாறேன்னு சொன்னவங்கல்லாம் வரலைன்னு சொல்லுதாங்க."

"தடை நீங்கிருச்சுன்னும் போட்டிருக்கேனேக்கா."

"அத யாரு பாக்கா? மேல நிக்குததுல ஒரு வரி மாத்துங்களேன்."

"ஐயோ, அது இப்ப ஓடிட்டு இருக்குக்கா. ஓடுத செய்தியில கை வைக்கப்படாது. வச்சா படுத்துரும். அப்புறம் எந்திரிக்கவே செய்யாது."

இதுதான் இந்த இனத்தின் ஒரே சாஸ்திரம். பொய்யானாலும் சரி, ஓடுகிற செய்தியில் கை வைக்கக் கூடாது.

புளியறை சோதனைச் சாவடி தாண்டி சாலையோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற இசக்கிமணி அன்று தொண்டை வறளக் கத்தினார். கேரளத்திலிருந்து வந்த கார்கள் அவர் கடையில் டீ குடித்துவிட்டு மலைப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தன.

"குளிக்க விடுதாங்க அண்ணாச்சி, இப்பதான் என் மச்சான் குளிச்சிட்டு வாறான். நம்பிப் போங்க!"

"போனில் தடை என்னு காணிக்குன்னுண்டல்லோ சேட்டா" என்று போனை நீட்டிக் காட்டினார் காரில் இருந்தவர். போனா, மச்சானா என்று வந்தால் யாரை நம்புவார்கள்? பின் இருக்கையில் துண்டோடு காத்திருந்த பிள்ளைகள் அழ அழ, கார் வந்த வழியே போனது.

ஞாயிறும் இதே கதை. திங்கட்கிழமை முத்துசெல்வி மாடியேறி வந்தார். சுந்தரபாண்டியன் எழுந்து நின்று, முகமெல்லாம் பல்லாக, கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. தடைச் செய்திக்கு நேர் கீழதான் உங்க விளம்பரம் நின்னுச்சு. எத்தனை ஆயிரம் பேரு பாத்திருக்கான்னு பாருங்க. இந்தப் புள்ளியெல்லாம் கொல்லம். இது புனலூர். இந்தா, புளியறையிலயே ஒரு கூட்டம் நின்னு பாத்திருக்கு!"

முத்துசெல்வி அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளியும் அவர் விடுதிக்கு வந்திருக்க வேண்டிய ஒரு குடும்பம்.

"பாத்தவன்லாம் எங்கலே?"

"அக்கா?"

"என் விளம்பரத்தப் பாத்தவன்லாம் எங்கலே போனான்? மேல 'வராத'ன்னு எழுதிட்டு, கீழ 'வா'ன்னு என் பேரப் போட்டிருக்கியே, நீயெல்லாம் மனுசனா? ஒரு வரி மாத்தச் சொல்லி எத்தனை தடவை கெஞ்சினேன்! என் சீசனே போச்சேலே!"

சுந்தரபாண்டியன் தலைகுனிந்தார். அடடா, வெட்கப்பட்டுவிட்டார் என்று எனக்கும் ஒரு கணம் மனம் இளகியது. தலை குனிந்தது போனை நிமிர்த்தி வைக்க. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. 'விடுதிப் பெண்மணி ஆவேசம்! செய்தி ஆசிரியருக்கு நேர்ந்தது என்ன?' அழுதுகொண்டே முத்துசெல்வி படியிறங்குகிற வரைக்கும் எடுத்தார். தடைச் செய்தியை அது தாண்டிவிட்டது என்று சாயங்காலம் சந்தனமாரியிடம் சொன்னார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஆடி முடிவதற்குள் முத்துசெல்வி சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது கடையத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். விளம்பரம் மட்டும் இன்னும் நிற்கிறது. லாரி கவிழ்ந்த செய்திக்குக் கீழே, தங்கம் விலைக்குக் கீழே, 'அறைகள் உள்ளன, குடும்பத்தோடு வாருங்கள்' என்று சிரிக்கிறது. அதிலுள்ள போன் எண்ணுக்கு அழைத்தால் முத்துசெல்வியேதான் எடுத்து, "ரூம் இல்லீங்க" என்று சொல்லி வைக்கிறார்.

சுந்தரபாண்டியனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறதா? எனக்கும்தான். நன்றாகத் திட்டுங்கள். திட்டி முடித்த கையோடு உங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, அந்தச் சனிக்கிழமை வரை மேலே தள்ளிக்கொண்டு போங்கள். 'குத்தாலம் போறவங்க கவனத்துக்கு' என்று தடைச் செய்தியை அங்கே கொண்டுவந்து போட்ட புண்ணியவான் ஒருவர் இருப்பார். போட்டுவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று நாலு தரம் திறந்து பார்த்திருப்பார். தடை நீங்கியதைச் சொல்ல மறந்திருப்பார். முத்துசெல்வி அழுத வீடியோவை மறக்காமல் போட்டிருப்பார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அடுத்தவர் போட்டதெல்லாம் இடது பக்கம்தான் நிற்கும். உங்கள் போனில் அந்தச் செய்திகள் வலது பக்கம் இருக்கின்றனவா, இடது பக்கம் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.