நிலநடுக்கப் பையில் ஒரு தங்கக் கெளுத்தி

உயிருள்ளவரை இனி மூடின பாக்கெட் வாங்குவதில்லை என்று யோஷிரோ சபதம் செய்தார். நல்ல சபதம்தான். என்ன, சபதம் செய்த அன்று அவர் சாப்பாட்டு மேசை முன்னால் முட்டி மடக்கி உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி சதோகோ நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு குப்பைப் பை. பை நிறையக் கிழித்துப் போட்ட பளபளப்பு உறைகள்.

ஒசாகாவில் எந்த உயரக் கட்டடமானாலும் சரி, லிஃப்ட் நின்றுபோனால் யோஷிரோவைத்தான் கூப்பிடுவார்கள். இருட்டுக் குழாய்க்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பதாவது மாடி வரை ஏறுவார், பயம் என்பதே கிடையாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

"என்னங்க இது?" என்றாள் சதோகோ.

"உறை."

"உறைன்னு தெரியுது. உள்ளே என்ன இருந்துச்சு?"

"அட்டை. கடல் ராட்சசர் அட்டை. அதான், நான் சேர்க்கிறேன்ல..."

"வேணுங்கிற அட்டை வந்துச்சா?"

"இல்லே. நண்டு வந்துச்சு."

"இத்தனையிலயுமா?"

"எல்லாத்துலயும் நண்டு. ஒண்ணுல மட்டும் நட்சத்திர மீன்."

சதோகோ பையைக் கீழே வைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தினால் யோஷிரோவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"முரோயி-சான் கடையில ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியா கண்ணாடிப் பெட்டியில வெச்சு, விலை எழுதி ஒட்டியிருக்காரே, பாத்ததில்லையா? எது வேணுமோ அதைக் கைகாட்டி வாங்கிட்டு வர வேண்டியதுதானே? நான் மீன் கடைக்குப் போய், 'ஏதோ ஒண்ணைக் காகிதத்துல சுத்திக் குடுப்பா, வீட்டுல போய்ப் பிரிச்சுப் பாத்துக்கறேன்'னா கேக்கறேன்?"

"உனக்குப் புரியாது சதோகோ. பிரிக்கிற அந்த நிமிஷம் இருக்கே, அடடா..."

"பிரிக்கிறதுலதான் சுகம்னா, சமையலறையில சோயாக்காய் ஒரு கூடை இருக்கு. உக்காந்து உரிங்க."

உரித்தார். உரித்துக்கொண்டேதான் சபதம் செய்தார். மாதம் ஒரே ஒரு ஒற்றை அட்டை, அதுவும் கண்ணாடிப் பெட்டியில் பார்த்து வாங்கினது. மீறினால் கைச்செலவுக் காசு நின்றுவிடும். சம்பளம் நேராகச் சதோகோ கைக்குப் போய், அதில் அவள் கிள்ளிக் கொடுப்பதுதான் கைச்செலவு. ஊரில் பாதிப் புருஷன்மார் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது, அதனால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் நின்றுவிட்டால்? யோஷிரோ இன்னும் வேகமாக உரித்தார்.

இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் இருந்தார். வந்த வினை, முரோயி-சான் கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டில் தங்கக் கெளுத்தி அட்டையை வைத்ததுதான். மீசை ரெண்டும் தங்க ரேகை, முதுகில் மலை, வாலில் அலை. விலைச் சீட்டைப் பார்த்தார் யோஷிரோ. அந்த விலைக்குக் குளத்தோடு நிஜக் கெளுத்தி வாங்கலாம். ஒற்றையாக வாங்க ஒரு வருஷம் பட்டினி கிடக்க வேண்டும். பக்கத்திலேயே பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றிலும் இதே கெளுத்தி இருக்கலாமே!

ஒன்றே ஒன்று என்று வாங்கினார். நண்டு. கடைசியாக ஒன்று. நண்டு. அப்புறமும் பல 'கடைசி'கள் ஆயின. பல நாள், பல நண்டு. சாயங்காலம் கடையில் நின்று கிழிப்பார், உறையை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்குப் போவார்.

ஆகஸ்டு மாசம் ஒரு சாயங்காலம் உறைக்குள்ளிருந்து தங்க மீசை எட்டிப் பார்த்தது.

கடையில் சத்தம் போடக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. யோஷிரோ போட்டார். முரோயி-சான் ஓடி வந்து பார்த்து, அவரும் போட்டார்.

சந்தோஷம் அவ்வளவுதான். அடுத்த மூச்சிலேயே யோஷிரோவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இதை வீட்டில் எப்படிக் காட்டுவது? ஒற்றையாக வாங்கினேன் என்றால், அத்தனை காசு ஏது? பாக்கெட்டில் வந்தது என்றால், சபதம் என்ன ஆச்சு?

"இங்கேயே வித்துட்டுப் போயிடுங்க, யோஷிரோ-சான்," என்றார் முரோயி. "எத்தனை பேர் வீட்டுல இந்த மாதிரி அட்டை பழைய பேப்பரோட போயிருக்கு தெரியுமா?"

"மாட்டேன். பொறந்ததிலேருந்து எனக்குன்னு அதிர்ஷ்டம் அடிச்சது இதுதான் முதல் தடவை. சாகற வரைக்கும் வெச்சுக்குவேன். எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் வாயைத் திறப்பேனா?"

ஒளித்து வைக்க இடம் வேண்டுமே. துணி அலமாரி சதோகோவுடையது. சமையலறை சதோகோவுடையது. யோஷிரோவின் சட்டைப் பையே சதோகோவுடையதுதான், துவைக்கிறவள் அவளாயிற்றே. அவள் கை வைக்காத இடம் வீட்டில் ஒன்றே ஒன்று. வாசல் கதவுப் பக்கம் ஆணியில் தொங்கும் நிலநடுக்கப் பை. பூமி ஆடினால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு எல்லார் வீட்டிலும் தொங்குகிறதே, அது. ஒருமுறை நிரப்பி மாட்டினதோடு சரி. காரணமில்லாமல் தொட்டால் எங்கே நிலநடுக்கம் வந்துவிடுமோ என்று யாரும் தொடுவதுமில்லை.

சதோகோ குளிக்கப் போன சமயம் யோஷிரோ பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில்களையும் கெட்டி பிஸ்கட் டப்பாவையும் வெளியே எடுத்தார். வேலைப் பெட்டியில் இடம் கொள்ளாமல் நிறைந்திருந்த நண்டுகளைக் கட்டுக்கட்டாக உள்ளே அடுக்கினார். நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் தங்கக் கெளுத்தி. தண்ணீரையும் பிஸ்கட்டையும் மறுநாள் வேலைக்குக் கொண்டுபோய் ஒரு வழியாகத் தின்று தீர்த்தார். பல் வலித்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது பயம். பூமிக்கடியில் பெரிய கெளுத்தி ஒன்று கிடக்கிறது, அது புரண்டால் ஊர் ஆடும் என்று சின்ன வயசில் யார்தான் கேட்டதில்லை? அந்தக் கெளுத்தியைக் கொண்டுபோய் நிலநடுக்கப் பைக்குள்ளேயே அடைத்துவிட்டோமே! யோசிக்க யோசிக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கேற்ற மாதிரி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு ஊசலாடியது. கத்தரிக்காய்க் கிண்ணம் தானாக நகர்ந்தது.

"ஆடுது!" என்று சதோகோ மேசைக்கடியில் புகுந்தாள். யோஷிரோ ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்ப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சின்ன ஆட்டம்தான், உடனே நின்றுவிட்டது. மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க."

"ம்."

"நான் இங்கே இருக்கேன்."

"தெரியும்."

"பை அங்கே இருக்கு."

"பைதானே முக்கியம்! தண்ணி இருக்கு, பிஸ்கட் இருக்கு..."

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்றோம். ஒரு நாளாவது என்னை இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்களா?"

யோஷிரோ பையை ஆணியில் மாட்டினார். சதோகோ பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் கத்தரிக்காயைச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் பேட்டைச் சங்கத் தலைவர் இனோகுமா-சான் வந்தார். கையில் ஒலிபெருக்கி. எதிரில் ஒரு முழம் தள்ளி நிற்பவரிடம்கூட அதில்தான் பேசுவார்.

"ஞாயித்துக்கிழமை பூங்காவுல நிலநடுக்க ஒத்திகை! இந்த வருஷம் புது ஏற்பாடு! ஒவ்வொரு வீட்டுப் பையையும் எல்லார் முன்னாடியும் பிரிச்சுப் பாக்கப் போறோம்!"

"பிரிச்சா?" என்றார் யோஷிரோ. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உள்ளே இருக்கிற அத்தனையையும் விரிப்புல பரப்பணும்! போன வருஷம் ஒரு வீட்டுப் பையில பூத்துப்போன பிஸ்கட்! வெக்கக்கேடு!"

பூத்துப்போன பிஸ்கட்டுக்கே வெட்கக்கேடு என்றால் நண்டுக்கு என்ன சொல்வார்கள்? தெருவே கூடி நின்று பார்க்கும். நடுவில் சதோகோ நிற்பாள். தங்கக் கெளுத்தி வெயிலில் தகதகவென்று மின்னும்.

சனிக்கிழமைக்குள் அட்டைகளை இடம் மாற்றிவிட வேண்டும் என்று திட்டம் போட்டார். காலையில் வாசலுக்குப் போனார். சதோகோ செருப்பு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மதியம் போனார். வாசலிலேயே உட்கார்ந்து அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போனார். பைக்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தாள்.

"இங்கே ஏன் படுத்திருக்கே?"

"இங்கேதாங்க காத்து வருது. உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லே. எனக்கும் காத்துதான்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யோஷிரோ பூங்காவுக்கு நடந்தார். பை கனத்தது. வழியில் கால்வாய் வந்தது. தவறி விழுந்த மாதிரி போட்டுவிடலாமா? ஐயோ, கெளுத்தி உள்ளே இருக்கிறதே! கால் சுளுக்கிவிட்டது என்று உட்கார்ந்துவிடலாமா? நிஜமாகவே ஒரு நிலநடுக்கம் வந்து தொலைத்தால் ஒத்திகை நின்றுபோகுமே என்றுகூட நினைத்துவிட்டார். நினைத்த மாத்திரத்தில் நடுங்கிப் போய் மனசுக்குள் ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"யோஷிரோ-சான் வீட்டுப் பை!" என்று ஒலிபெருக்கி அலறியது.

"எனக்கு... வயிறு கொஞ்சம்..."

"நானே பிரிக்கிறேன், நீங்க உக்காருங்க," என்று சதோகோ பையை வாங்கினாள். யோஷிரோ கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணீர்ப் பாட்டில் ஆறு! பிஸ்கட் டப்பா! டார்ச்! ரேடியோ! துண்டு! எல்லாமே புத்தம் புதுசு! அபாரம்! பேட்டைக்கே இதுதான் மாதிரிப் பை!"

எல்லாரும் கைதட்டினார்கள். யோஷிரோ கண்ணைத் திறந்தார். விரிப்பின் மேல் ஒரு நண்டுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். பாதி மூச்சிலேயே அது நின்றுபோனது. இதுவரை பயத்துக்கு ஒரு இடமாவது இருந்தது, பைக்குள் பத்திரமாகக் கிடந்தது. இப்போது அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"முகம் ஏன் இப்படி வெளுத்துருக்கு?" என்று சதோகோ பரிவாகக் கேட்டாள். "தண்ணி குடிக்கிறீங்களா? புதுத் தண்ணி."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் மரத்தடிக்குப் போய்விட்டாள். அங்கே சங்கத்துப் பெண்கள் ஐஸ் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி. பெட்டி நிறைய நாளிதழ்க் காகிதத்தில் மடித்து ஒட்டின சின்னச் சின்னப் பொட்டலங்கள். மேலே சதோகோவின் கையெழுத்தில் அறிவிப்பு: 'அதிர்ஷ்டப் பாக்கெட். சங்கத்து நிதிக்கு. குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று.'

முதலில் வாங்கின வாண்டு பொட்டலத்தைக் கிழித்தது. "ஹை! நண்டு!"

"எனக்கும் நண்டு!" என்றது அடுத்தது.

யோஷிரோவுக்குக் காதில் வண்டு பறந்தது. அத்தனையும் அவர் வளர்த்த நண்டுகள்! அப்படியானால் கெளுத்தி? அதுவும் அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒரு பொட்டலத்தில்தான் இருக்கிறது. இதோ இந்தக் குழந்தை கிழிக்கிறதே, இதிலா? இல்லை, நண்டு. அதோ அதிலா? ஐஸ் சிரப் வழியும் விரல் அதன் தங்க மீசையில் பட்டால்? ஒவ்வொரு குழந்தை கிழிக்கும்போதும் அவருக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

அவரும் போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற சிறுமி திரும்பிப் பார்த்து, "மாமா, இது குழந்தைங்களுக்கு," என்றாள்.

"தெரியும்மா. சீக்கிரம் நகரு."

அவர் முறை வந்தது. குழந்தைகள் எல்லாரும் வாங்கியாகிவிட்டது. எவர் கையிலும் கெளுத்தி இல்லை. பெட்டியில் இன்னும் பாதி இருந்தது.

"என்னங்க வேணும்?" என்றாள் சதோகோ, முன்பின் தெரியாதவரைக் கேட்பது போல.

"அது."

"எது?"

"பாக்கெட்."

"சத்தமா சொல்லுங்க, இங்கே ஒரே இரைச்சல்."

"பாக்கெட்!"

"நீங்களா? பாக்கெட்டா?"

"சங்கத்து நிதிக்குத்தானே? ஒரு நன்கொடை மாதிரி. மிச்சம் இருக்கிறது பூராவும் குடுத்துடு."

"இனோகுமா-சான்! எங்க வீட்டுக்காரர் பெட்டி பூராவும் வாங்கறாராம்!"

ஒலிபெருக்கி முழங்கியது. மறுபடி கைதட்டல். யோஷிரோ கைச்செலவுக் காசு முழுவதையும் எண்ணிப் பார்க்காமல் கொடுத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சறுக்குமரத்தடியில் போய் உட்கார்ந்து கிழிக்க ஆரம்பித்தார். பிரிக்கிற அந்த நிமிஷத்தின் சுகம் ஒரு துளிகூட வரவில்லை. நண்டு. நண்டு. நட்சத்திர மீன். நண்டு. குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. வந்ததையெல்லாம் அவர்களிடமே கொடுத்தார். கடைசிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு கிழித்தார். அதுவும் நண்டு.

இனி கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காவிட்டால் கெளுத்தி போய்விடும். நாற்பது மாடி ஏறுகிற கால்கள், மரத்தடி வரை போவதற்குள் பத்து தடவை பின்னிக்கொண்டன.

"சதோகோ."

"ம்?"

"கெளுத்தி..."

"எந்தக் கெளுத்திங்க?"

"தங்கக் கெளுத்தி. பையில நான்தான் ஒளிச்சு வெச்சேன். பாக்கெட் வாங்கினேன், அதுல வந்தது. சபதத்தை மீறிட்டேன். தப்புதான். தண்ணியைக் குடிச்சதும் நான்தான், பிஸ்கட்டைத் தின்னதும் நான்தான். என்ன தண்டனை வேணும்னாலும் குடு. அது எந்தப் பாக்கெட்டுல போச்சுன்னு மட்டும் சொல்லிடு. உன் கால்ல விழறேன்."

சதோகோ காலிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாகத்தான் இருந்தது.

"அவ்வளவு விலை போற அட்டையை எந்த முட்டாளாவது பாக்கெட்டுல போடுவாளாங்க? வெள்ளிக்கிழமையே முரோயி-சான்கிட்ட ஒத்தையா வித்தாச்சு."