'வெள்ளி பூட்ஸ்' படத்துக்கு நான் போட்ட அமைதி உத்தரவு

மரியாதை கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவனை மட்டும் நம்பவே கூடாது. நான் ஒரு தடவை அப்படிக் கிளம்பி, ஒரு நல்ல மனிதரை அவர் வாழ்க்கையின் மிக மோசமான நாளுக்குள் மறுபடியும் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அதுவும் முன்வரிசையில், மாலை போட்டு.

'வெள்ளி பூட்ஸ்' என்று ஒரு தமிழ்ப் படம். எழுபதுகளில் நடக்கிற கதை. பெல்பாட்டம், கிருதா, எலெக்ட்ரிக் கிட்டார், தும்மினால்கூட ஒரு பாட்டு. மூன்றே நாளில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பிறகு ஒரு திருட்டுக் காப்பி கைமாறிக் கைமாறி, திருவனந்தபுரத்தில் அதற்கென்றே ஒரு பைத்தியக்காரக் கூட்டம் உண்டானது. வருஷம் ஒரு தடவை ஹால் பிடித்து, பெல்பாட்டம் மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம். பார்ப்போம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. கத்துவோம். நாயகி "போகாதே" என்று அழுதால் ஹால் மொத்தமும் "போ, போ, பஸ் வந்தாச்சு!" என்று அலறும். கடைசிக் காட்சியில் நாயகன் மேடையில் ஷாக்கடித்து விழுந்து, நம்மைப் பார்த்து, "என் கிட்டாரை யாருக்குக் கொடுப்பேன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் கிடப்பான். "எனக்கு! எனக்கு!" என்று அத்தனை கையும் மேலே போகும்.

இந்தக் கூட்டத்துக்குச் செயலாளர் நான். (சாலை பஜாரில் அப்பாவின் பெயிண்ட் கடையைப் பார்த்துக்கொள்வது என் உபதொழில்.) மனைவி ஷீபாவுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் வருஷா வருஷம் இழுத்துக்கொண்டு போவேன்.

எங்கள் காப்பியோ படுமோசம். பாதிப் படத்தில் எவனோ எழுந்து குறுக்கே போவான். நல்ல காப்பி இயக்குநர் உலகநாதன் சாரிடம் மட்டும்தான் இருந்தது. படம் விழுந்ததும் அவர் சினிமாவே வேண்டாம் என்று வித்துராவில் பேக்கரி போட்டுவிட்டார். போய்ப் பார்த்தேன்.

"மொத நாள் சனங்களோட உக்காந்து பாத்தேன் தம்பி. அதுக்குப் பெறவு பாத்ததே இல்ல" என்றார், பஃப்ஸை அடுக்கிக்கொண்டே. கூவியிருப்பார்கள், பாவம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் இறங்கி வந்தார். "வாரேன். காப்பியும் கொண்டு வாரேன். பாத்து முடிச்சு எனக்கு மனசு வந்தா அது உங்களுக்கு. வரல்லேன்னா இனி யாரும் எங்கயும் அதப் போடப்பிடாது. சம்மதமா?"

சம்மதித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று அவர் வருவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "சார் மனசு நோகப்பிடாது. ஒரு விசில், ஒரு சத்தம் வரப்பிடாது. எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க. வாயத் தொறந்தவனுக்கு அடுத்த வருஷம் எடமில்ல!" என்று உத்தரவு போட்டேன்.

"கத்தாம அந்தப் படத்தப் பாக்கவா? மனுஷனால முடியுமா?" என்றாள் ஷீபா. நான் காதில் வாங்கவில்லை.

படம் ஓடியது. கிருதா ஒட்டிய தடியன்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஷீபாவுக்கும் நடுவில் உலகநாதன் சார். நாயகி "போகாதே" என்றாள். ஹாலில் ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. எவனோ இருமினான்; திரும்பி முறைத்தேன். சாருக்கு வேர்த்துக் கொட்டியது. இடைவேளையில் டீ வேண்டாம் என்றார்.

"சனங்க எவ்வளவு மரியாதையா பாக்காங்க, பாத்தீங்களா சார்?" என்று நான் பெருமையாக வழிந்தேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் தம்பி" என்றார் மெதுவாக. "ஒரு சத்தம் இல்ல. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்திச்சு."

அன்று யாரும் கூவவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். பின்வரிசைக்குத் திரும்பி, "கத்துங்கடே!" என்று கிசுகிசுத்தேன். எங்கள் பொருளாளர் அனீஷ் சிரித்தான். "செயலாளர் சேட்டா, டெஸ்ட் ஆணல்லே? ஞங்கள் மிண்டில்லா." நான் சோதித்துப் பார்க்கிறேனாம், அவர்கள் வாயே திறக்க மாட்டார்களாம். வாட்ஸாப்பில் 'கத்துங்க, கெஞ்சிக் கேட்கிறேன்' என்று போட்டேன். யார் பார்ப்பது? நான்தானே எல்லாப் போனையும் அணைக்கச் சொன்னேன். சரி, நாமே கத்துவோம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பக்கத்தில் அந்த மனிதர் ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்த காலிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். படம் முடிந்தால் அதில் போட்டுக்கொண்டு வித்துரா பஸ் ஏறிவிடுவார். அப்புறம் 'வெள்ளி பூட்ஸ்' யாருக்கும் கிடையாது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

நாயகன் விழுந்தான். "என் கிட்டாரை யாருக்குக் கொடுப்பேன்?"

ஒருத்தரும் மூச்சு விடவில்லை. சார் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார்.

அவருக்கு அந்தப் பக்கம் ஷீபா துள்ளி எழுந்தாள். "எனக்குத் தாங்கண்ணே! இந்த மனுஷனக் கட்டி ஒரு மிக்ஸிகூடக் கண்டதில்ல, கிட்டாராவது கெடைக்கட்டு!"

அவ்வளவுதான். அத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து ஹாலே இடிந்து விழுகிற மாதிரி ஒரு அலறல். "எனக்கு! எனிக்கு! எனக்கு!" நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். உலகநாதன் சார் திரும்பி நின்று அந்தக் கைகளையெல்லாம் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு போனது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ஷீபாவைப் பார்த்து, மகளிடம் சொல்வதுபோல், "மக்களே, மொதல்ல இருந்து போடச் சொல்லு" என்றார்.

போட்டோம். இந்தத் தடவை அவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாக பஸ்ஸை வரவழைத்தார்.

ஹார்ட் டிஸ்க்கை ஷீபா கையில்தான் கொடுத்தார். இப்போது செயலாளரும் அவள்தான். (நான் ஹால் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறேன்.) கதை எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் பரவிவிட்டது. போன மாதம் என் மச்சினிக்குச் சர்ச்சில் கல்யாணம். "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று பாஸ்டர் சபையைக் கேட்டுவிட்டு நிறுத்தினார். குண்டூசி விழுந்தால் கேட்கும். மாமனார், மாமியார், மணப்பெண் எல்லோரும் மெதுவாகத் திரும்பி ஷீபாவைப் பார்த்தார்கள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாஸ்டரும் அவளையே பார்த்துக்கொண்டு, அடுத்த வரியை அவசர அவசரமாகப் படித்தார்.