நானூற்றுப் பதினேழாம் அறையின் வெளியுறவு அமைச்சர்

வெளியுறவு அமைச்சர்களில் இரண்டு வகை உண்டு. நாடு நியமித்தவர்கள் ஒரு வகை. தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர்கள் மறு வகை. முதல் வகைக்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இரண்டாம் வகைக்கு அதுவும் கிடையாது. அமெரிக்கா தும்மினாலும் இருமினாலும் அறிக்கை விடும் பொறுப்பு அவர்கள் தலையில் வந்து விழுகிறது, பாவம்.

எங்கள் வூஹான் கல்லூரி விடுதியில் மாடிக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் 417-ஆம் அறைக்கு வாய்த்தவன் யான் லீஹாங், மின்கலப் பொறியியல் மாணவன். காலையில் பல் துலக்கும்போதே வாயில் நுரையோடு கைப்பேசியைத் திறப்பான். அங்கே யாரோ ஒரு செனட்டர் நம் நாட்டைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பார். நுரையைத் துப்புவதற்குள் பதில் எழுதியாக வேண்டும். எழுதுவது காலையில் 'கவலை'யாகப் பிறந்து, மதியம் 'கடும் எதிர்ப்பா'க வளர்ந்து, மாலைக்குள் 'எதிர் நடவடிக்கை'யாகிவிடும். எங்களுக்கும் இதே மரியாதைதான். ஒருமுறை அவனுடைய வெந்நீர்க் குடுவையை நான் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

"சம்பந்தப்பட்டவங்க தங்களோட தப்பை உடனே திருத்திக்கணும்" என்றான், சுவரைப் பார்த்து. சம்பந்தப்பட்டவனான நான் அடுத்த கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவனுடைய எதிர் நடவடிக்கைகளில் தலையாயது, அமெரிக்கப் பெயர் போட்ட கோழி வறுவல் கடையைப் புறக்கணிப்பது. வெள்ளி முதல் புதன்வரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். வியாழக்கிழமை? அன்று பாதி விலை அல்லவா!

"என்னடா ஆச்சு உன் புறக்கணிப்பு?" என்றான் மூன்றாவது கட்டில் தெங் போ.

"கோழி நம்ம ஊர்க் கோழி. பொரிக்கிறவன் நம்ம ஆளு. பேரு மட்டுந்தான் அவங்களுது."

"எங்கப்பா செய்யற குடையிலயும் பேரு மட்டுந்தான் அவங்களுது. வரி போட்டாங்க, கிடங்கு முழுக்கக் குடையா நிக்குது. நீ வேற ஏண்டா அவங்களைச் சீண்டற?"

"அந்த வரியை எதிர்த்துத்தானடா எழுதறேன்!"

"எழுதி எழுதி ஒரு குடை வித்தியா?"

இப்படி இருக்கையில் அமைச்சருக்கு அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து கடிதம் வந்தது. முனைவர் பட்டத்துக்கு இடம். முதலாம் ஆண்டிலிருந்து அவன் கண்ட கனவு. ஆகஸ்டில் அங்கே இருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தைத் திறந்தவன் ஒரு கேள்வியில் நின்றுவிட்டான். ஐந்து ஆண்டுகளாக நீங்கள் எழுதும் சமூக ஊடகக் கணக்குகள் எவை?

சனிக்கிழமை மதியம் முழுக்க அழித்தான். ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். ஒவ்வொன்றையும் ஒருமுறை உரக்க வாசித்து, "இது நல்லா வந்திருக்கில்ல?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அழித்தான்.

"அப்ப எல்லாம் பொய்யாடா?" என்றேன்.

"பொய் இல்ல. அவங்க நம்மளை நெருக்கறது தப்புதான். இன்னிக்கும் சொல்வேன். ஆனா நான் படிக்க வேண்டிய ஆய்வகம் அங்கதான இருக்கு? நான் என்ன பண்ண?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

இந்த இரண்டாம் வகை அமைச்சர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: வாசகரை மறந்துவிடுவது. லீஹாங்கின் அம்மா சியாங்யாங்கில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை நடத்துகிறார். மகனுடைய அறிக்கை ஒவ்வொன்றையும் படம்பிடித்துச் சேமித்து, சாப்பிட வருபவர்களுக்கு மிளகாய் எண்ணெயோடு சேர்த்துப் பரிமாறுவார். ஞாயிறு காலை மகனின் பக்கம் வெறுமையாகக் கிடந்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. உடனே கூப்பிட்டார்.

"லீஹாங், எவன்டா உன் வாயை அடைச்சது?"

"அம்மா, நான்தான் அழிச்சேன்..."

"பக்கத்துல யாரோ நிக்கறாங்களா? பேச முடியலைன்னா இருமு."

அவனுக்குச் சூடான சோயா பால் புரையேறியது. இருமினான்.

"புரிஞ்சுபோச்சு கண்ணு. அம்மா பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் அத்தனை பதிவுகளும் அவர் கணக்கில் ஏறின. கூடவே மகனின் பட்டமளிப்புப் படம், முழுப்பெயர், கல்லூரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: "என் பிள்ளை ஆகஸ்டில் அமெரிக்காவுக்கே போய் நேரில் கேட்கப் போகிறான்." கடைக்கு வருபவர்கள், அத்தைகள், மாமாக்கள் எல்லோரும் அதை நாலா பக்கமும் பரப்பினார்கள். மகன் கெஞ்சி, அவர் அழிப்பதற்குள் அது ஊர் சுற்றி முடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை விசா நேர்காணல். அதிகாரி மின்கலத்தைப் பற்றி மட்டும் கேட்டார். கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தார். மேலும் பரிசீலனை தேவை. முடிவு பின்னர் தெரிவிக்கப்படும். ஏழு வாரம் ஆகிறது. அம்மா செய்த வேலையா, வழக்கமான தாமதமா, யாருக்கும் தெரியாது. இன்று ஜூலை இருபத்தெட்டு.

"என்னடா விடப் போற? கவலையா, கடும் எதிர்ப்பா?" என்று தெங் போ கேட்டான்.

"கவலைதான்டா" என்றான் லீஹாங். அந்தச் சொல்லை அவன் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மைத்துனர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அவருக்கு அனுப்பிவைக்கலாமே என்று கை பரபரக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால், போன வருடம் ஏதோ ஒரு நாட்டைக் கிழித்துக் குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அழித்திருப்பீர்கள். உங்கள் அம்மாவின் கைப்பேசியைப் பார்த்தீர்களா?